ஒரு பொருள், பல சொல்: உயிரணுவின் பேச்சு வழக்கு



தமிழில் ஒரு பொருளுக்குப் பல சொற்கள் உண்டு. யானையை வேழம் என்கிறோம், கரி என்கிறோம், கைம்மா என்கிறோம். வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்று பொருளகராதி. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களைத் திரட்டித் தருவதே அதன் வேலை. ஆனால் அகராதியில் உள்ள சொற்களை எல்லாம் நாம் சமமாக எடுத்து ஆளுவதில்லை. தாயின் தந்தையைக் கொங்கு நாட்டில் அப்புச்சி என்று அழைக்கிறோம். வேறு மாவட்டங்களில் தாத்தா என்பார்கள். பொருள் ஒன்றுதான், வழக்குத்தான் வேறு. நம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு தோண்டச் சென்றவர் வடநாட்டில் எந்த மூலையில் இருந்தாலும், "ஏனுங்க" என்று வாயைத் திறந்தவுடன் அவர் ஊர் தெரிந்துவிடுகிறது அல்லவா?

இதே போன்ற சொல்வழக்கு உயிரணுவுக்குள்ளும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? மீனுக்கு ஒரு வழக்கு, தவளைக்கு ஒரு வழக்கு, கோழிக்கு ஒரு வழக்கு, மனிதருக்கு ஒரு வழக்கு உண்டு. அறிவியலார் இதனைக் 'கோடான் பயன்பாட்டுச் சாய்வு' என்பர். பெயர் சற்றுக் கடினமாகத் தோன்றலாம். பொருள் எளிதே. படிப்படியாகக் காண்போம்.

நான்கு எழுத்து, அறுபத்து நான்கு சொல்

நம் உடலை உருவாக்கும் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மொழிக்கு எழுத்துகள் நான்கே நான்கு. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் அவற்றைச் சுருக்கமாக ஏ, டி, ஜி, சி என்று குறிப்பிடுவர். டி.என்.ஏ. இரட்டை இழையாக இருக்கும். ஓர் இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி இருக்கும்; ஜி இருந்தால் எதிரில் சி இருக்கும். இந்த இணை விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இம்மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று எழுத்துகள். அந்த மூவெழுத்துச் சொல்லுக்குத்தான் கோடான் என்று பெயர். நான்கு எழுத்துகளை மூன்று மூன்றாக அடுக்கினால் 4 × 4 × 4 = 64 சொற்கள் கிடைக்கும். பெரும்பாலான சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் மணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டால் புரதம் உருவாகிறது. ஆனால் அமினோ அமிலங்கள் 20-தான். சொற்களோ 64. ஆகவே ஒரே அமினோ அமிலத்துக்குப் பல சொற்கள் அமைந்துவிடுகின்றன. லியூசின் என்னும் அமினோ அமிலத்துக்கு மட்டும் ஆறு சொற்கள் உண்டு! இச்சொற்கள் பெரும்பாலும் மூன்றாம் எழுத்தில்தான் வேறுபடும். சி-டி-ஏ என்றாலும் லியூசின். சி-டி-சி என்றாலும் லியூசின். சி-டி-ஜி என்றாலும் லியூசின்தான்.

இந்த அகராதியைக் கண்டறிந்தவர்களுள் நம் நாட்டில் பிறந்த ஒருவரும் இருக்கிறார். அவர் டாக்டர் ஹர் கோவிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானில் உள்ள முல்தான் மாவட்டத்தில், ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் 1922-ஆம் ஆண்டு பிறந்தார். ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே வாழ்ந்த அந்தக் கிராமத்தில், மரத்தடியில் நடந்த பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்றார். பிற்காலத்தில் அமெரிக்காவில், எந்தச் சொல் எந்த வரிசையில் வரவேண்டும் என்று தாமே முடிவு செய்து, மரபுச் செய்தி இழைகளைச் சோதனைச்சாலையில் கட்டி, அவற்றிலிருந்து எந்த அமினோ அமிலங்கள் கோக்கப்படுகின்றன என்று கண்டறிந்தார். இதற்காக 1968-ஆம் ஆண்டின் நோபல் பரிசு நைரன்பர்க், ஹோலி ஆகிய இருவரோடு இவருக்கும் வழங்கப்பட்டது. மரத்தடிப் பள்ளியில் படித்தவர் உயிரின் மொழியைப் படித்தார் என்பது நமக்கெல்லாம் ஊக்கம் தரும் செய்தியாகும்.

தாய்வழி வரும் சொத்து

உயிரணுவின் டி.என்.ஏ. பெரும்பாலும் உட்கருவில் இருக்கிறது. அதில் பாதி தந்தை தந்தது, பாதி தாய் தந்தது. நம் ஊர் மலைமேல் உள்ள கோயில் சிற்பத்தில் ஒரே உருவம் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் அமைந்திருப்பதை யாவரும் அறிவோம். உட்கருவும் ஏறத்தாழ அப்படியே.

ஆனால் உட்கருவுக்கு வெளியே, உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. தமிழில் இவற்றை இழைமணி என்றும் கூறுவர். இவற்றிற்குத் தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அது வளையல் போல வட்டமானது. மனிதரிடத்தில் அதன் நீளம் 16,569 எழுத்துகள். அதில் 37 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் 13 மட்டுமே புரதம் செய்யும் செய்தியைத் தாங்குபவை. மற்றவை அச்செய்தியைப் படிக்க உதவும் கருவிகளைச் செய்பவை.

இந்த வளையல் தாயிடமிருந்து மட்டுமே குழந்தைக்கு வருகிறது. தந்தையின் விந்தணுவில் உள்ள இழைமணிகள் கருவுற்றபின் அழிக்கப்பட்டுவிடுகின்றன. எனவே உங்களிடம் உள்ள இழைமணி உங்கள் அம்மா தந்தது. அவருக்கு உங்கள் அம்மாயி தந்தது. அம்மாயிக்கு அவருடைய தாய் தந்தது. அப்புச்சியின் இழைமணி உங்களிடம் வரவில்லை. மகனும் தாயிடமிருந்து அதைப் பெறுகிறான். ஆனால் தன் பிள்ளைகளுக்கு அவனால் கொடுக்க முடியாது. உலகில் பெண்மக்கள் வழியாக மட்டுமே தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் சொத்து இது.

அகராதியில் ஒரு திருத்தம்

மரபு அகராதி எல்லா உயிர்களுக்கும் ஒன்றே என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்கள். 1979-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பிரெடரிக் சாங்கரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் மனித இழைமணியின் மரபணுவைப் படித்தபோது வியப்படைந்தார்கள். இழைமணியின் அகராதி சற்றே வேறாக இருந்தது! டி-ஜி-ஏ என்பது உட்கருவின் அகராதியில் 'நிறுத்து' என்று பொருள்படும்; வாக்கிய முடிவில் வைக்கும் முற்றுப்புள்ளி போன்றது. இழைமணியிலோ அது டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. ஏ-டி-ஏ என்பது உட்கருவில் ஐசோலியூசின். முதுகெலும்புள்ளவற்றின் இழைமணியில் மெத்தியோனின். 1981-ஆம் ஆண்டில் மனித இழைமணியின் 16,569 எழுத்துகளும் முழுமையாக வெளியிடப்பட்டன.

இன்னொரு சிக்கனத்தையும் காண்க. சொல்லைப் படித்து அதற்குரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆளுக்குக் கடத்து ஆர்.என்.ஏ. என்று பெயர். முதுகெலும்புள்ளவற்றின் இழைமணியில் இத்தகையவர் 22 வகையினரே. அமினோ அமிலத்தைக் குறிக்கும் சொற்கள் 60. எனவே ஒருவரே இரண்டு அல்லது நான்கு சொற்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு எழுத்துகளைச் சரியாகப் பார்த்து, மூன்றாம் எழுத்தைச் சற்றுத் தளர்வாக ஏற்றுக்கொள்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரே மருமகள் நான்கு அடுப்புகளைக் கவனிப்பது போன்ற நிலை இது!

எண்ணிப் பார்ப்போம்

இனிச் சாய்வு என்பது என்ன என்பதை நாமே எண்ணிப் பார்ப்போம். மனித இழைமணியில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் முதல் பகுதியைச் செய்யும் மரபணு ஒன்று உண்டு. நாம் மூச்சு வாங்கும் ஆக்சிஜன் இந்த நொதியிடம்தான் போய்ச் சேருகிறது. அம்மரபணுவின் முதல் 20 சொற்கள் இவை:

ஏடிஜி, டிடிசி, ஜிசிசி, ஜிஏசி, சிஜிடி, டிஜிஏ, சிடிஏ, டிடிசி, டிசிடி, ஏசிஏ, ஏஏசி, சிஏசி, ஏஏஏ, ஜிஏசி, ஏடிடி, ஜிஜிஏ, ஏசிஏ, சிடிஏ, டிஏசி, சிடிஏ.

முதலில் ஆறாவது சொல்லைப் பாருங்கள். டிஜிஏ! உட்கருவின் அகராதிப்படி படித்தால் ஐந்து மணிகள் கோத்தவுடனே மாலை அறுந்துவிடும். இழைமணியின் அகராதிப்படி படிப்பதால்தான் மாலை தொடருகிறது.

அடுத்து, ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு எண்ணுங்கள். ஏ 8 முறை, சி 8 முறை, டி 3 முறை, ஜி ஒரே ஒரு முறை. அந்த ஒரு ஜி-யும் 'தொடங்கு' என்று அறிவிக்கும் முதற்சொல்லில் வந்தது. லியூசினைக் குறிக்கும் சொல் இப்பகுதியில் மூன்று இடங்களில் வருகிறது. ஆறு சொற்கள் இருக்க, மூன்று இடத்திலும் சிடிஏ-வே வந்திருக்கிறது. ஃபினைல் அலனின் இரண்டு இடங்களில் வருகிறது. டிடிடி என்றும் எழுதலாம், டிடிசி என்றும் எழுதலாம். இரண்டு இடத்திலும் டிடிசி-யே இருக்கிறது.

இருபது சொற்களை மட்டும் பார்த்து முடிவு செய்வது முறையன்று. 13 மரபணுக்களையும் சேர்த்து எண்ணினாலும் இதே கதைதான். மனித இழைமணியில் லியூசினுக்காக சிடிஏ 270 தடவைக்கு மேல் வருகிறது. டிடிஜி என்பது 20 தடவைகூட வருவதில்லை. பொருள் ஒன்றே. இருந்தும் ஒன்று வீட்டில் புழங்கும் சொல். மற்றது அகராதியில் தூங்கும் சொல். இதுவே கோடான் பயன்பாட்டுச் சாய்வு.

ஏன் இந்தச் சாய்வு?

ஈஸ்ட், பாக்டீரியா முதலியவற்றில் இதற்கு ஒரு காரணம் கூறுவர். எந்தச் சொல்லைப் படிக்கும் கடத்து ஆர்.என்.ஏ. மிகுதியாக இருக்கிறதோ அந்தச் சொல்லை மிகுதியாக எழுதினால் புரதம் விரைவாக உருவாகும். எனவே அங்கே இயற்கைத் தேர்வு அந்தச் சொற்களை விரும்புகிறது.

முதுகெலும்புள்ளவற்றின் இழைமணியில் இக்காரணம் முழுமையாகப் பொருந்தவில்லை. மெத்தியோனினைப் பாருங்கள். அதற்குரிய ஒரே கடத்து ஆர்.என்.ஏ. நேராகப் பொருந்துவது ஏடிஜி-யுடன்தான். ஏடிஏ-வைப் படிப்பதற்காக அதன் ஓர் எழுத்தின்மீது வேதியியல் மாற்றம் ஒன்று செய்யப்பட வேண்டியிருக்கிறது. ஆயினும் மனித இழைமணியில் ஏடிஜி-யைவிட ஏடிஏ-வே பல மடங்கு மிகுதி. படிப்பவருக்கு எது எளிது என்பது மட்டும் சாய்வை முடிவு செய்யவில்லை என்பது இதனால் விளங்குகிறது. அப்படியானால் முடிவு செய்வது எது?

விடை, படியெடுக்கும் முறையில் இருக்கிறது. இழைமணி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் ஒன்று சற்றுக் கனமானது, மற்றது இலேசானது. 13 புரத மரபணுக்களில் 12-இன் வாசகம் இலேசான இழையில் உள்ளபடி அமைந்திருக்கிறது. என்.டி.6 என்னும் ஒன்று மட்டும் கனத்த இழையின் வாசகத்தைக் கொண்டது. வளையல் படியெடுக்கப்படும்போது கனத்த இழை தன் துணையைப் பிரிந்து சிறிது நேரம் தனியே நிற்கிறது என்று பல ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். படியெடுப்பு நடக்கும் விதம் குறித்து அவர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு.

தனித்து நிற்கும் இழைக்கு ஆபத்து அதிகம். அதிலுள்ள சி என்னும் எழுத்து தன் அமினோ தொகுதியை இழந்தால் டி போல நடந்துகொள்ளும். ஏ என்னும் எழுத்து அவ்வாறு சிதைந்தால் ஜி போல நடந்துகொள்ளும். ஆகவே காலப்போக்கில் கனத்த இழையில் சி-யும் ஏ-யும் குறைந்து, டி-யும் ஜி-யும் கூடுகின்றன. இப்போது இணை விதியை நினைவுகூருங்கள். கனத்த இழையில் டி கூடினால் இலேசான இழையில் ஏ கூட வேண்டும். அங்கே ஜி கூடினால் இங்கே சி கூட வேண்டும். நாம் பென்சிலால் எண்ணியபோது ஏ-யும் சி-யும் மிகுந்திருந்தது இதனால்தான்! மனித இழைமணியின் இலேசான இழை முழுவதையும் எண்ணினால், நூற்றுக்கு 31 எழுத்து ஏ, 31 எழுத்து சி. ஜி-யோ 13 மட்டுமே.

இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மறுபக்க இழையில் எழுதப்பட்ட என்.டி.6 மரபணுவில் சாய்வு தலைகீழாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படியே இருக்கிறது. அதில் சொற்களின் மூன்றாம் எழுத்தாக ஜி-யும் டி-யும் மிகுதியாக வருகின்றன. இன்னொரு சான்றும் உண்டு. மிகச் சில மீன்களில், படியெடுப்புத் தொடங்கும் கட்டுப்பாட்டுப் பகுதி திசை திரும்பி அமைந்துவிட்டது. அம்மீன்களில் சாய்வும் திசை மாறியிருக்கிறது. ஒரு கருத்தை வைத்து, அதிலிருந்து என்ன நேரவேண்டும் என்று கணித்து, பிறகு இயற்கையிடம் போய்க் கேட்பதுதான் அறிவியலின் முறை.

மாற்றம் ஏன் மூன்றாம் எழுத்தில் மட்டும் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? முதல் இரண்டு எழுத்துகள் மாறினால் பெரும்பாலும் அமினோ அமிலமே மாறிவிடும், புரதம் கெடும், அந்த உயிர் நலிவுறும். அத்தகைய மாற்றங்கள் நிலைப்பதில்லை. மூன்றாம் எழுத்து மாறினால் பெரும்பாலும் பொருள் மாறுவதில்லை. எனவே அங்கே சிதைவுகளின் தடம் அழியாமல் தங்கிவிடுகிறது. புழங்காத அறையின் மூலையில் தூசி சேருவது போல.

கெண்டை முதல் பசு வரை

முதுகெலும்புள்ள உயிர்களை மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி என ஐந்து வகுப்புகளாகப் பாடத்தில் படிக்கிறோம். ஐந்துக்கும் சான்றுகள் நம் ஊரைச் சுற்றியே உள்ளன. காவிரியில் கெண்டை, மழைக்காலத்தில் தவளை, வேலியில் ஓணான், பண்ணையில் கோழி, தொழுவத்தில் பசு. இவை அனைத்திலும் இழைமணியின் 13 புரத மரபணுக்களும் அவையே. அகராதியும் அதுவே. ஆனால் சொல்வழக்கு வேறுபடுகிறது.

ஆப்பிரிக்க நகத் தவளையின் இழைமணி 1985-இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. அதன் நீளம் 17,553 எழுத்துகள். அவற்றில் ஏ-யும் டி-யும் சேர்ந்து ஏறத்தாழ 63 விழுக்காடு. எனவே தவளையின் சொற்கள் ஏ-யிலும் டி-யிலும் முடிவதை விரும்புகின்றன. நாமக்கல் என்றவுடன் நினைவுக்கு வரும் கோழியின் இழைமணி 1990-இல் வெளியிடப்பட்டது, 16,775 எழுத்துகள். அதில் ஏ-யும் டி-யும் சேர்ந்து 54 விழுக்காடுதான். பறவைகளின் வழக்கில் சி-யில் முடியும் சொற்களுக்கு மதிப்பு அதிகம். மேலும் நாம் முன்பு பார்த்த சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவை மனிதர் ஏடிஜி என்று தொடங்க, கோழி ஜிடிஜி என்று தொடங்குகிறது! கெண்டை இனத்தைச் சேர்ந்த சாதாக் கெண்டையில் ஏ-யும் டி-யும் சேர்ந்து சுமார் 57 விழுக்காடு. பாம்புகள் பலவற்றில் கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டாக இருக்கிறது. ஆகவே ஊர்வனவற்றின் கணக்கு இன்னும் சிக்கலானது.

ஆனால் வகுப்பின் பெயரை மட்டும் வைத்துச் சொல்வழக்கை அறுதியிட்டுக் கூற முடியாது. பசுவில் ஏ-யும் டி-யும் சேர்ந்து 61 விழுக்காடு, சுண்டெலியில் 63, மனிதரில் 56. மூன்றும் பாலூட்டிகளே. இந்த ஒரு கணக்கில் மட்டும் பார்த்தால், மனிதர் சுண்டெலியைவிடக் கோழிக்கு அருகில் நிற்கிறார்! ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதில்லையா? அதுபோலத்தான்.

ஒரே உயிருக்குள்ளும் மரபணுவுக்கு மரபணு வேறுபாடு உண்டு. படியெடுப்பின்போது நெடுநேரம் தனித்து நிற்கும் இடத்தில் உள்ள மரபணுவில் சாய்வு மிகுதி. சிறிது நேரமே நிற்கும் இடத்தில் குறைவு. பாலூட்டிகளில் சைட்டோகுரோம் பி என்னும் மரபணு முதல் வகை. நாம் எண்ணிப் பார்த்த மரபணு இரண்டாம் வகை.

சொல்வழக்கு சாட்சி சொல்லும்

இதை எல்லாம் எண்ணிக்கொண்டிருப்பதால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். பயன் உண்டு.

காட்டு விலங்கைக் கொன்று இறைச்சியாக விற்பவரைப் பிடித்தால், அது ஆட்டிறைச்சி என்று அவர் சாதிக்கலாம். தோலும் கொம்பும் இல்லாத இறைச்சித் துண்டைப் பார்த்து எந்த விலங்கு என்று யாரால் கூற முடியும்? ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த சுனில் குமார் வர்மா, லால்ஜி சிங் ஆகியோர் 2003-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். சைட்டோகுரோம் பி மரபணுவில் விலங்குக்கு விலங்கு மாறாத இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றிற்கு இடையே உள்ள ஏறத்தாழ 470 எழுத்துகளைப் பிரித்தெடுத்துப் படிப்பதே அந்த வழி. ஓரங்கள் மாறாமல் இருப்பதால் ஒரே கருவி பற்பல விலங்குகளுக்குப் பயன்படுகிறது. நடுவில் மூன்றாம் எழுத்துகள் இனத்துக்கு இனம் மாறுவதால் அது மானா, ஆடா, மாடா என்பது தெரிந்துவிடுகிறது. வாயைத் திறந்தவுடன் ஊர் தெரிவது போல, இறைச்சித் துண்டு தன் இனத்தைத் தானே சொல்லிவிடுகிறது.

ஆனால் சாட்சியை விசாரிக்கும்போது எச்சரிக்கையும் தேவை. உறவில்லாத இரு விலங்குகள் தற்செயலாக ஒரே மாதிரிச் சாய்வைப் பெற்றிருந்தால், எழுத்துகளை மட்டும் ஒப்பிடுபவர் அவை நெருங்கிய உறவினர் என்று தவறாக முடிவு செய்யக்கூடும். ஆகவே தொலைதூர உறவை ஆராய்பவர்கள் சில வேளை மூன்றாம் எழுத்தை ஒதுக்கிவிட்டு, முதல் இரண்டு எழுத்துகளை அல்லது அமினோ அமிலங்களை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஒரே பேச்சு வழக்கு உடையவர் எல்லாரும் ஒரே குடும்பத்தவர் ஆகிவிடுவதில்லை.

ஓர் எழுத்து தவறினால்

மூன்றாம் எழுத்து மாறினால் பெரும்பாலும் தீங்கில்லை என்றோம். நடு எழுத்து மாறினால் என்ன ஆகும்? லெபர் பார்வை நரம்பு நோய் என்று ஒன்று உண்டு. ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லெபர் 1871-இல் இதை விவரித்தார். நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர், வலி ஏதுமின்றிச் சில வாரங்களில் நடுப்பார்வையை இழந்துவிடுவார். இதன் காரணம் 1988-இல்தான் தெரிந்தது. இழைமணியின் 11,778-ஆம் எழுத்தில், என்.டி.4 என்னும் மரபணுவில், சிஜிசி என்ற சொல் சிஏசி என்று மாறிவிடுகிறது. அர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் வந்துவிடுகிறது. 16,569 எழுத்துகளில் ஒன்று பிசகியதால் கண் ஒளி போய்விடுகிறது! இந்நோய்க்குக் காரணமான மாற்றங்கள் வேறு சிலவும் அறியப்பட்டுள்ளன. மதுரை அரவிந்த் கண் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்திய நோயாளிகளைச் சோதித்து, பிற நாடுகளில் பரவலாகக் காணப்படும் மாற்றங்கள் இங்கே குறைவாகவே தென்படுகின்றன என்று 2010-இல் வெளியிட்டார்கள். நம் மக்களின் இழைமணியை நாமே படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல காரணம்.

இந்நோய்க்கு மரபணு மருத்துவம் தேடியபோது சொல்வழக்கு அறிவே கைகொடுத்தது. இழைமணிக்குள் புதிய மரபணுவைச் செலுத்துவது மிகக் கடினம். எனவே நல்ல என்.டி.4 மரபணுவை விழியின் உயிரணுக்களில் உள்ள உட்கருவுக்கு அனுப்பி, அங்கிருந்து புரதத்தை இழைமணிக்குள் சேர்க்க முயன்றார்கள். ஆனால் அதை அப்படியே அனுப்பினால் டிஜிஏ வரும் இடமெல்லாம் உட்கரு அதை 'நிறுத்து' என்று படித்துவிடுமே! ஆகவே ஒவ்வொரு சொல்லையும் உட்கருவின் அகராதிக்கும் வழக்குக்கும் ஏற்ப மாற்றி எழுதி, மரபணுவையே மொழிபெயர்த்து அனுப்பினார்கள். சீனா, அமெரிக்கா, பிரான்சு ஆகிய நாடுகளில் 2010-க்குப் பிறகு இம்முறை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்பியது. முழு வெற்றி என்று இன்னும் கூறுவதற்கில்லை.

இங்கே தாய்மார்களுக்கும் குடும்பத்தினருக்கும் ஒன்று கூற வேண்டும். இந்நோய் தாய்வழியாக வருகிறது. ஆனால் ஆண்மக்களையே மிகுதியாகத் தாக்குகிறது. பெண்கள் பலர் அந்த மாற்றத்தைத் தாங்கியும் நலமாகவே இருப்பார்கள். எனவே மகனுக்குக் கண் போனதும் "இவள் வழியில் வந்த குறை" என்று மருமகளைச் சுடுசொல் கூறும் வழக்கம் எளிதில் தலைதூக்கும். அது அறமும் அன்று, அறிவும் அன்று. எழுத்தைத் தேர்ந்தெடுத்தவள் தாய் அல்லள். பல தலைமுறைகளுக்கு முன் ஓர் இழை துணையின்றித் தனித்து நின்ற நேரத்தில் நேர்ந்த வேதியியல் மாற்றமாகவும் அது இருக்கலாம். நமக்கு மூச்சின் ஆற்றலைத் தரும் மரபணுக்களை இத்தனை ஆயிரம் தலைமுறையாகச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தவர்களும் அதே தாய்மார்கள்தாம். குடும்பத்தில் இத்தகைய நோய் இருப்பதாகத் தெரிந்தால், பழி கூறுவதை விட்டு, தாய்வழி உறவினர் யார் யாருக்குப் பார்வைக் குறை இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அந்தத் தாளே அவருக்குப் பெரிய உதவியாகும்.

மாணவியர் செய்து பார்க்க

இந்தத் துறையில் தொடக்க வேலையைச் செய்யப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கோழி, பசு, கெண்டை, தவளை ஆகியவற்றின் இழைமணி வாசகங்கள் ஜீன்பேங்க் என்னும் உலகப் பொதுத் தொகுப்பில் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஆசிரியையிடம் கேட்டு ஒரு மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டமிட்ட நோட்டுப் புத்தகத்தில் மூன்று மூன்று எழுத்துகளாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றாம் எழுத்தை எண்ணுங்கள். அதையே வேறொரு விலங்குக்கும் செய்து, இரண்டையும் பட்டை வரைபடமாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறிவியல் கண்காட்சிக்கு அதுவே நல்ல பொருளாகும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. இன்று நோட்டில் கட்டம் போடுபவர்களில் சிலர் நாளை அங்கே கோழியையும் பசுவையும் ஆராயக்கூடும்.

எல்லாச் சொற்களும் ஒரே பொருளைத் தந்தாலும், எந்தச் சொல் எங்கே மிகுதியாக வருகிறது என்று பொறுமையாக எண்ணியவர்களுக்கே இத்தனை உண்மைகள் புலப்பட்டன. சிறியதென்று எதையும் ஒதுக்காமல் எண்ணிப் பாருங்கள், தோழியரே! எண்ணுவதற்குத் தேவை ஒரு பென்சிலும், ஒரு கேள்வியும்தான்.